கெடாவில் கடை போட்டவர்கள்

கெடா என்றதும் நம்மவர்களுக்குக் கடாரம் நினைவுக்கு வரும். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்தது, பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன என்று பேச்சு நீளும். அதைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். படை வந்தது, வென்றது, திரும்பிவிட்டது. இங்கே பேசப்போவது ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கி, சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் கூலிமிலும் தங்கிவிட்டவர்களைப் பற்றி. அவர்களில் சிலர் கடை போட்டார்கள், சிலர் தோட்டம் வாங்கினார்கள். பெரும்பாலோர் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள்.

எல்லோரும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர்கள்தான். அப்படியிருக்க ஒருவர் இருபது ஆண்டுகளில் முதலாளி ஆனார், இன்னொருவரின் பேரன்கூடத் தோட்டத்து லயத்திலேயே, அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலேயே, பிறந்தான். ஏன் இப்படி? உழைப்பு, கெட்டிக்காரத்தனம், சாதி என்று பல காரணங்கள் சொல்வார்கள். உழைப்பில் பால்வெட்டுக்காரர் யாருக்கும் குறைந்தவரல்ல. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, வெயில் ஏறுமுன் முந்நூறு நானூறு மரங்களைச் சீவியவர் அவர். வேறுபாடு இருந்த இடம் வேறு: தொழிலுக்கான முதல் பணத்தை அவரை நம்பிக் கொடுக்க யார் இருந்தார்கள் என்பதுதான் அது. கெடாவின் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால் பல முடிச்சுகள் அவிழும்.

1909-இல் பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. 1915-இல் பிறையிலிருந்து அலோர் ஸ்டார் வரை ரயில் பாதை முடிந்தது. வடக்கே நெல் வயல்; தெற்கிலும் நடுப்பகுதியிலும், கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில் பக்கமெல்லாம் ரப்பர். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது, புதிதாக முளைத்த ஊர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. பினாங்கில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் ஐரோப்பியருக்கும் பெரிய சீன வணிகருக்கும்தான் கதவைத் திறந்தன. ஐந்து ஏக்கர் ரப்பர் போட்ட மலாய்க்காரரும், லாரி வாங்க நினைத்த சீனரும், சம்பளத்துக்கு முன் பணம் தேடிய அரசாங்கக் குமாஸ்தாவும் போன இடம் செட்டியார் கிட்டங்கி.

கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். அதில் பல கடைகள் இருக்கும். கடை என்றால் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு: முப்பாட்டன், பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள். பகலில் அதுவே அலுவலகம், இரவில் படுக்கையறை. சமையற்காரர் எல்லோருக்கும் பொது. மனைவி மக்கள் செட்டிநாட்டில். செலவு இவ்வளவுதான் என்பதால் வரும் வட்டியில் பெரும்பகுதி மிச்சம்.

பணம் எங்கிருந்து வந்தது? செட்டியார் தன் சொந்தப் பணத்தை மட்டும் கடன் கொடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலாளியின் பணம் ஒரு பங்கு. உறவினர் போட்டு வைத்த பணம், பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம், மற்றக் கடைகள் தவணைக்குக் கொடுத்த பணம், போதாதபோது பினாங்கு வங்கியில் வாங்கிய பணம் என்று அடுக்கடுக்காக வந்து சேரும். பெரிய ஊர்களில் மாதந்தோறும் கோயிலில் கூடி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் கைமாற்றுக்கு நடப்பு வட்டி எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். வெளியாருக்கு விடும் வட்டி அதைவிட நல்ல உயரம். அந்த இடைவெளியில்தான் லாபம். இன்று வங்கிகள் கண்ணாடிக் கட்டடத்தில் செய்வதை அவர்கள் பாயில் உட்கார்ந்து செய்தார்கள்.

ஆனால் எனக்கு இதில் அதிக வியப்பைத் தருவது பணமல்ல, பயிற்சி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கூட்டுவது, தூது போவது, சிட்டை எழுதுவது, பெட்டகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் வருகிறார், எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பது, எல்லாம் அவன் வேலை. பிறகு அடுத்தாள். அதற்குப் பிறகு, நாணயமானவன் என்று பெயரெடுத்தால், கடையையே நடத்தும் மேலாள். மேலாளுக்கு மூன்று ஆண்டுக் கணக்கு. மூன்று ஆண்டுக்கான சம்பளம் மொத்தமாகப் பேசப்படும். ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். தவணை முடிந்ததும் பேரேட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்புவார். லாபம் நன்றாக வந்திருந்தால் அதிலும் ஏதாவது கிடைக்கும். அந்தப் பணத்தோடும் பெயரோடும் அடுத்த பயணத்தில் பங்காளியாகவோ தனிக்கடைக்காரராகவோ வரலாம். ஏமாற்றினால்? நீதிமன்றம் வேண்டியதில்லை. ஊரில் பெண் கிடைக்காது, கைமாற்று கிடைக்காது, கோயிலில் மரியாதை கிடைக்காது. கடல் கடந்து வந்தவனை ஊர் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்ததால்தான் முன்பின் கண்டிராத நாட்டில் இருபது வயது இளைஞனை நம்பிப் பெட்டகச் சாவியைக் கொடுக்க முடிந்தது.

உலகத்தில் இது செட்டியாருக்கு மட்டும் உரியதல்ல. அண்மைய உதாரணம் பெலாரஸ். 2020 ஆகஸ்டு அதிபர் தேர்தலுக்குப் பிறகு அங்கே நடந்த ஒடுக்குமுறையில் பல்லாயிரம் பேர் போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் போனார்கள். அவர்களில் மென்பொருள் நிறுவனம் நடத்தியவர்கள் பலர். போலந்து அரசு அதே ஆண்டில் அவர்களுக்கென்றே தனி விசாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவர்களால் விரைவில் காலூன்ற முடிந்ததற்குக் காரணம், வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்ததும், கூட வேலை செய்தவர்களும் சேர்ந்தே கிளம்பியதும்தான். மின்ஸ்க்கில் கூடவே படித்து வேலை பார்த்தவர்கள் வார்சாவிலும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். பெட்டகம் மடிக்கணினியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: செட்டியாருக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது, பெலாரஸ்காரர் பலருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

கெடாவுக்கு வருவோம். 1925-இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932-இல் பத்துக் காசுக்கும் கீழே போனது. கடன் வாங்கியவர்களால் வட்டியே கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த கிராண்டுகள், அதாவது நிலப் பட்டாக்கள், செட்டியார்களின் பெட்டகத்தில் தங்கின. கடன் கொடுக்க வந்தவர்கள் விரும்பியோ விரும்பாமலோ நிலக்காரர் ஆனார்கள். மலாய் விவசாயிகளின் நிலம் கைமாறுவதைக் கண்டு அரசாங்கம் கவலைப்பட்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கூட்டாட்சி மாநிலங்களில் 1913-லேயே இருந்தது; 1930களில் அது இறுக்கப்பட்டது. கெடாவும் தனக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடமானம் வைக்க முடியாது என்றானபின் செட்டியார்களின் பணம் ரப்பர் தோட்டங்களையும் ஊர்க் கடைவீதிகளையும் முழுசாக வாங்கத் திரும்பியது. நிலம் இழந்தவர்களின் கோபத்துடைய தடயம் மலாய்ப் பேச்சில் இன்றும் இருக்கிறது. அது முழுக்க அநியாயமான கோபம் என்று என்னால் சொல்ல முடியாது.

இனி லயத்துப் பக்கம். தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்தவர் கங்காணி. அவரே தோட்டத் தொழிலாளி. துரை அவரை ஊருக்கு அனுப்பி, சொந்தக் கிராமத்திலிருந்து ஆட்களை அழைத்துவரச் சொல்வார். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன், அதோடு அந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. கையில் காசு சேர்ந்ததும் கங்காணி என்ன செய்வார்? அரிசி, கருவாடு, புகையிலை வைத்து ஒரு சின்னக் கடை, இரண்டு மாடு, அவசரத்துக்கு வட்டிக்குப் பணம். தோட்டத்துக்குள் எழுந்த முதல் தமிழ் முதலாளி அவர்தான். அவரிடமும் கிராணிகள் எனப்பட்ட தோட்டக் குமாஸ்தாக்களிடமும்தான் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பவும், நாலு ஏக்கர் வாங்கவும் வசதி இருந்தது.

சாதாரணத் தொழிலாளிக்கு? சம்பள நாளில் கடைப் பற்று கழியும், கள்ளுக்கடைக்குக் கொஞ்சம் போகும், மிச்சம் இருந்தால் ஊருக்கு மணியார்டர். 1930-க்கும் 1932-க்கும் இடையில் மந்தம் வந்தபோது கூலி குறைக்கப்பட்டது. மலாயா முழுவதிலுமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் கப்பலேற்றப்படக்கூடியவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? அவருக்கும் ஊரில் உறவினர் இருந்தார்கள். ஆனால் அந்த உறவினர் இவர் அனுப்பும் காசை எதிர்பார்த்திருந்தார்கள். செட்டியார் விஷயத்தில் காசு ஊரிலிருந்து இங்கே வந்தது. இவர் விஷயத்தில் இங்கிருந்து ஊருக்குப் போனது. இரண்டு வரலாறும் பிரிந்த இடம் இதுதான்.

கள்ளுக்கடை பற்றி ஒரு வார்த்தை. போருக்குப் பிறகு, 1946-47-இல், பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தை மையமாக வைத்துத் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் எழுந்தது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், போலீசோடு மோதல் வந்தது, உயிர்கள் போயின. அதை ஒழுக்க இயக்கமாகவும் தொழிற்சங்க வரலாறாகவும் எழுதுவார்கள். கூலிக் காசைக் குடும்பத்தின் கையில் நிறுத்தி வைக்க நடந்த முதல் பெரிய முயற்சியாகவும் அதைப் பார்க்கலாம்.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு: ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள். மளிகை, துணி, காசு மாற்றுதல், சோற்றுக்கடை. கடையில் வேலை செய்யும் பையன் பெரும்பாலும் முதலாளியின் ஊர்க்காரன். சில ஆண்டுகளில் அவனே பக்கத்து ஊரில் கடை வைப்பான். பினாங்கில் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற நாசி கண்டார் இன்று அலோர் ஸ்டாரில் இரவெல்லாம் திறந்திருக்கும் பெரிய உணவகங்களாக நிற்பது இந்த வழியில்தான்.

போர் எல்லோரையும் உலுக்கியது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டு மதிப்பிழந்து குப்பையானது. பழைய கடனை அந்த நோட்டில் அடைத்துவிட்டவர்களும் உண்டு. அதை எவ்வளவுக்குக் கணக்கில் எடுப்பது என்று தீர்க்க 1948-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. பிறகு 1951-இல் வட்டித் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. செட்டியார்களில் பலர் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். தங்கியவர்கள் தோட்டக்காரர்களாகத் தங்கினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் யோசிக்க வைக்கும் பகுதி. 1950களில் சுதந்திரம் நெருங்க நெருங்க ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். கூட்டாகச் சேர்ந்து வாங்கிய உள்நாட்டு வணிகர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டு வாங்கியவருக்குப் பழைய தொழிலாளி வேண்டாம், லயம் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விற்றவர் வெள்ளைக்காரர், வாங்கித் துண்டாடியவர்களில் சீனரோடு தமிழரும் இருந்தார்கள். வீட்டை இழந்தவர் பெரும்பாலும் தமிழர்.

அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸின் (மஇகா) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். அவரே தோட்டக்காரர் குடும்பம். தகப்பனார் தமிழகத்திலிருந்து வந்து பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டம் உண்டாக்கியவர். தோட்டம் விலைக்கு வருகிறதென்றால் தொழிலாளியே ஏன் வாங்கக்கூடாது என்று அவர் கேட்டார். 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். சம்பந்தனும் அவருடைய ஆட்களும் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் பேசினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில், கூலிம் பக்கத்து புக்கிட் சிடிம், ஆண்டு 1961.

இந்தப் பத்து வெள்ளியின் அருமையை இன்றைய கண்ணால் பார்த்தால் புரியாது. நாள் கூலிக்காரர் அதுவரை யாரையும் நம்பிப் பணம் கொடுத்ததில்லை. பணம் கொடுத்தால் திரும்பாது என்பதுதான் அவர் அறிந்த பாடம். சங்கம் அதை மாற்றியது. தோட்டம் கைமாறினாலும் வேலை போகாது, லயத்திலிருந்து வெளியேற்ற மாட்டார்கள், ஆண்டுக்கு லாப ஈவு வரும். செட்டியாருக்கு உறவும் கோயிலும் செய்ததைத் தொழிலாளிக்கு ஒரு பதிவு பெற்ற சங்கம் செய்தது. எனக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. பங்குதாரர் ஆனவர் தோட்டத்தை நடத்தும் இடத்துக்கு வரவில்லை. மேலாளரும் கிராணியும் முன்போலவே இருந்தார்கள். பங்குப் பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. பெட்டியடிப் பையனை மேலாளாக்கிய அந்தப் படிக்கட்டைச் சங்கத்தால் கட்ட முடியவில்லை. அது சேமிப்பாக இருந்தது, தொழிலாக மாறவில்லை.

அந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்து 1982-இல் மஇகா தொடங்கியது மைக்கா ஹோல்டிங்ஸ். தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்துக்கூடப் பங்கு வாங்கினார்கள்; பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரண்டது. 2010-இல் ஒரு வெள்ளிப் பங்கை எண்பது காசுக்கு வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டதோடு அந்தக் கதை முடிந்தது. பொதுவில் பணம் போடுவது என்றாலே தலையை ஆட்டி மறுக்கும் ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது.

இதற்கிடையில் ரப்பர் செம்பனைக்கு இடம் கொடுத்தது, செம்பனை வீடமைப்புக்கு இடம் கொடுத்தது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளாகின. லயத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். சிலர் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று துணிந்தார்கள். என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர் பால் ஊற்றினார். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், இருந்தவர்களைத் தெரிந்தவர் செம்பனைக் குலை வெட்டும் ஒப்பந்தம் எடுத்தார். லாரி ஓட்டியவர் லாரி வாங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் நாற்காலி, பூமாலை, பழைய இரும்பு, கல்யாணச் சமையல். எல்லாமே கைத்தொழிலும் ஆள் பழக்கமும் இருந்தால் குறைந்த முதலில் தொடங்கக்கூடியவை.

அந்தக் குறைந்த முதலும் பெரும்பாலும் கூட்டுக் காசுதான். பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு தொகை போட்டு, ஏலத்திலோ சீட்டுக் குலுக்கியோ ஒருவர் மொத்தமாக எடுப்பார். மலேசியாவில் இது சட்டவிரோதம். 1971-இல் வந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. நடத்துபவர் ஓடிப்போனால் போலீசில் புகார் கொடுப்பதும் சிக்கல். ஆனாலும் வங்கிக்குச் சம்பளச் சீட்டு காட்ட முடியாத பெண்ணுக்கு ஐயாயிரம் வெள்ளி திரட்டித் தரும் வேறு வழி பக்கத்தில் இல்லை. இருக்கும் இன்னொரு வழி ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். அவர் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்.

இன்று சட்டப்படித் தொடங்குவது எப்படி? மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் தொழிலாகப் பதிய, அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலானால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. கடைக்கு நகராண்மைக் கழக உரிமம். பதிவு எண் கிடைத்ததும் அதே பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, கல்லாவில் வரும் காசை வாரந்தோறும் அதில் போடுவது நல்லது. கடன் கேட்கும்போது முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். அரசாங்கத்தின் தெக்குன் கடன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவருக்கான ஸ்பூமி கடன் உண்டு. 2024-இல் அதன் விரிவாக்கமாக ஒரு லட்சம் ரிங்கிட் வரை தரும் திட்டம் வந்தது. அதே ஆண்டில் சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கென்று பெண் என்ற பெயரிலேயே ஐந்து கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். அமானா இக்தியாரில் ஈடு கேட்பதில்லை. பெண்கள் குழுவாகச் சேர வேண்டும், ஒருவருக்கொருவர் பொறுப்பு. கிட்டங்கியிலிருந்து கூட்டு வரை வேலை செய்த அதே ஏற்பாட்டை இப்போது அரசாங்கம் செய்கிறது. இந்தக் கடன்களுக்குக் குடியுரிமை வேண்டும். நீல அட்டை இருப்பவருக்குச் சரி; பழைய தோட்டக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்தக் கதவும் திறக்காது.

கடை நிலைத்தபின் வரும் தொல்லை ஆள். முடிதிருத்தும் கடை, பொற்கொல்லர் கடை, துணிக்கடை மூன்றும் தமிழகத்து வேலையாட்களை நம்பி நடந்தவை. 2009-இல் அந்தத் துறைகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. 2023 செப்டம்பரில்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் நாற்காலி காலியாகக் கிடந்து மூடிய கடைகள் பல.

இப்போது கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். அவர்களில் கடை வைக்கும் துடிப்புள்ளவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஆனால் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் தனிநபர் தொழில் பதிய முடியாது. குடிமகனும் நிரந்தரவாசியும் மட்டுமே பதியலாம். முதலாளியை மாற்றுவதுகூட எளிதல்ல. 1912-இல் பினாங்கில் இறங்கிய பெட்டியடிப் பையனை இப்படி ஒரு கேள்வியும் யாரும் கேட்கவில்லை. அதனால் இன்று உள்ளூர்க்காரர் பெயரில் உரிமம், உள்ளே வியாபாரம் வேறொருவருடையது என்று மாத வாடகைக்கு விடும் கடைகள் முளைக்கின்றன. நகராண்மைக் கழகச் சோதனை வந்தால் கடை பூட்டப்படும், உரிமம் ரத்தாகும். உரிமத்தை வாடகைக்கு விட்டவர்களில் முன்னாள் தோட்டத் தொழிலாளியின் மகன்களும் இருக்கிறார்கள்.